டி.வி. வாங்கப் போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போங்கள்

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி, 32 அங்குலத்துக்கு மேலான டி.வி.களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முன்பு 38,400 கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது 35,400. சுளையாக 3,000 ரூபாய் மிச்சம். இந்த மிச்சத்தை என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கடைக்காரர் சொல்வார், விளம்பரம் சொல்லும், பக்கத்து வீட்டு மாமா சொல்வார்: "இன்னும் கொஞ்சம் போட்டா அடுத்த சைஸே வந்துடுமே!"

"அந்தக் காசை ஸ்பீக்கருக்கு எடுத்து வைங்களேன்" என்று ஒருத்தர்கூடச் சொல்லமாட்டார்.

பிரச்னையே இங்கேதான். வீட்டுக்கு டி.வி. வாங்கும் குடும்பங்கள் படத்துக்கு அளவுக்கு மீறிச் செலவு செய்கின்றன. சத்தத்துக்குப் பத்து பைசா ஒதுக்குவதில்லை. படத்துக்காகக் கூடுதலாகப் போட்ட காசில் பெரும்பகுதி அந்த வீட்டில் இருக்கும் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. சத்தத்துக்குப் போடாமல் விட்ட காசோ, அடுத்த ஏழெட்டு வருஷத்துக்குத் தினமும் சாயங்காலம் காதில் உறைத்துக்கொண்டே இருக்கும்.

கடையில் தெரிவது வேறு

எந்த எலக்ட்ரானிக்ஸ் ஷோரூமுக்குள் நுழைந்தாலும் காட்சி ஒன்றுதான். சுவர் முழுக்க இருபது முப்பது டி.வி. எல்லாவற்றிலும் கிளி, பூ, நீர்வீழ்ச்சி, மெதுவாக விழும் தேன் துளி. இந்த வீடியோக்கள் எல்லாம் அந்தத் திரைக்காகவே எடுக்கப்பட்டவை. நிறம் கண்ணைப் பறிக்கும். மேலே ட்யூப்லைட் வெளிச்சம் வெள்ளமாகக் கொட்டும். அந்த வெளிச்சத்தில் அடங்கிய நிறத்தோடு இருக்கும் டி.வி. மங்கலாகத் தெரியும் என்பதால், எல்லாவற்றையும் 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்ற மோடில் வைத்திருப்பார்கள். பச்சை இன்னும் பச்சையாக, வெள்ளை கொஞ்சம் நீலம் பாய்ந்து. சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி!

இன்னொன்றைக் கவனித்தால் தெரியும். சத்தம் வராது. முப்பது டி.வி.யையும் ஒரே நேரத்தில் சத்தத்தோடு போட்டால் கடையில் யாரும் நிற்க முடியாது. அதனால் எல்லாம் ம்யூட்டில் இருக்கும். அப்படியே ஒன்றுக்கு மட்டும் சத்தம் வைத்துக் காட்டச் சொன்னாலும், ஏசி இரைச்சலிலும் கூட்டத்தின் பேச்சிலும் ஒன்றும் விளங்காது.

ஆக, கடையில் ஒப்பிட்டுப் பார்க்க முடிவது படத்தை மட்டும்தான். வாடிக்கையாளர் எதை ஒப்பிட முடியுமோ அதில்தான் கம்பெனிகள் போட்டி போடும். ஒப்பிட முடியாததில் செலவைக் குறைக்கும். இதில் சதி ஒன்றும் இல்லை, சந்தை அப்படித்தான் இயங்கும். திரை வருஷா வருஷம் பெரிசாகி விலை இறங்குகிறது. உள்ளே இருக்கும் ஸ்பீக்கரோ வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே போகிறது.

இருபது புள்ளிக்கு ஒரு புள்ளி

4கே என்றால் திரையில் 3840க்கு 2160 புள்ளிகள். பெருக்கினால் 82,94,400. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தத் திரைக்குள் போவது என்ன?

தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகளில் இன்னும் அதிக நேரம் ஓடுவது கேபிள் சீரியலும் செய்தியும்தான். கேபிளில் வரும் சாதாரண எஸ்.டி. சேனலின் படம் அதிகபட்சம் 720க்கு 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720. இரண்டையும் வகுத்துப் பார்த்தால் மிகச்சரியாக 20 வருகிறது. 4கே டி.வி.யில் எஸ்.டி. சேனல் பார்க்கும்போது, திரையில் தெரியும் ஒவ்வொரு இருபது புள்ளியிலும் ஒன்றுக்குத்தான் மேலிருந்து தகவல் வந்திருக்கிறது. மீதி பத்தொன்பதும் டி.வி. தானாக ஊகித்து நிரப்பிக்கொண்டது. திரையைப் பெரிதாக்கினால் அந்த ஊகம்தான் பெரிதாகத் தெரியும். "புது டி.வி. வாங்கினோம், பழசுலயே சீரியல் நல்லா இருந்துச்சே" என்று அம்மாக்கள் சொல்வது பழசு மேல் உள்ள பாசத்தால் மட்டும் இல்லை.

ஓடிடி-யிலும் இதே கதை உண்டு. நெட்ஃப்ளிக்ஸில் 4கே வேண்டும் என்றால் இருப்பதிலேயே விலை கூடிய திட்டத்தை எடுக்க வேண்டும், இணைய வேகம் விநாடிக்கு 15 மெகாபிட்டாவது வேண்டும். மலிவான திட்டத்தையோ மொபைல் ரீசார்ஜோடு இலவசமாக வந்த சந்தாவையோ வைத்துக்கொண்டு 4கே டி.வி. வாங்குவது, ஒற்றையடிப் பாதையில் ஓட்டுவதற்குப் பேருந்து வாங்குவது போல. டி.வி. மாடலைத் தேடுவதற்கு முன்னால், வீட்டில் ஒரு வாரம் என்னென்ன ஓடுகிறது என்று ஒரு தாளில் குறித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சோபா எத்தனை அடி தள்ளி?

அடுத்தது கண். நல்ல பார்வை உள்ள ஒருவரின் கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோண அளவுக்குக் கீழே இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காது. கண் டாக்டரிடம் படிக்கும் எழுத்து அட்டையும் இந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது. இதை டி.வி.க்குப் பொருத்தினால் ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு தூரம் கிடைக்கும். அந்தத் தூரத்துக்கு அப்பால் உட்கார்ந்தால் ஃபுல் ஹெச்.டி.க்கும் 4கே-க்கும் புள்ளிக் கணக்கில் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு எட்டாது.

32 அங்குலத்துக்கு அந்தத் தூரம் சுமார் 4 அடி. 43 அங்குலத்துக்கு ஐந்தரை அடி. 55-க்கு 7 அடி. 65-க்கு எட்டரை அடி. பத்தடி அகல ஹாலில் ஒரு சுவரில் டி.வி., எதிர்ச் சுவரை ஒட்டி சோபா என்றால், கண்ணுக்கும் திரைக்கும் நடுவே எட்டு அடிக்குக் குறையாது. அங்கே 43 அங்குலத்தில் 4கே இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இப்போதெல்லாம் 43 அங்குலத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் 4கே-தான் கிடைக்கிறது. எனவே அதைத் தவிர்க்கச் சொல்லவில்லை. அதை ஒரு தனிச் சிறப்பாக எண்ணிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் விஷயம். 8கே பற்றிக் கேட்கவே வேண்டாம். வீட்டு ஹாலில் அது கண்ணுக்கு அல்ல, கௌரவத்துக்கு :-)

படத்தில் உண்மையில் பார்க்க வேண்டியவை

அப்படியானால் எல்லாத் திரையும் ஒன்றா? இல்லவே இல்லை. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் போடும் விஷயத்தில் இல்லை.

முதலாவது, கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது என்பது. எல்.இ.டி. டி.வி. என்று விற்கப்படுபவை எல்லாம் பின்னால் விளக்கு எரியும் எல்.சி.டி. திரைகள்தான். கியூ.எல்.இ.டி.யும் அந்த வகையே. நிறத்தைத் துல்லியமாக்க ஒரு படலம் கூடுதல். இவற்றில் வி.ஏ., ஐ.பி.எஸ். என்று இரண்டு பேனல் வகைகள் உண்டு. வி.ஏ. திரையில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். பக்கவாட்டிலும் அப்படியே இருக்கும், ஆனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். தனி ஆளாக நேர் எதிரே உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு முதலாவது. தாத்தா ஈஸிசேரில், அக்கா தரையில், அம்மா சமையற்கட்டு வாசலில் என்று நாலா பக்கமும் இருந்து பார்க்கும் குடும்பத்துக்கு இரண்டாவது. இந்த ஒரு விஷயம் 4கே-யைவிட அதிகமாகக் கண்ணில் படும். இதைக் கடையில் கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. இருட்டறையில் சினிமா பார்க்க அதற்கு ஈடு சொல்வது கஷ்டம். ஆனால் காலை முதல் இரவு வரை செய்திச் சேனல் ஓடும் வீட்டில் யோசிக்க வேண்டும். மூலையில் நகராமல் நிற்கும் லோகோவும் கீழே ஓடும் பட்டையும் நாளாவட்டத்தில் திரையில் தழும்பாகப் பதிந்துவிடும் அபாயம் அதில் உண்டு.

இரண்டாவது, ஹெச்.டி.ஆர். இதன் வேலை, வெளிச்சமான இடத்தை நிஜமாகவே வெளிச்சமாகக் காட்டுவது. ஹெச்.டி.ஆர். படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட்ஸ் அல்லது அதற்கு மேலான வெளிச்சத்தை மனதில் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். மலிவு விலை டி.வி.கள் பல 300 நிட்ஸை ஒட்டியே நின்றுவிடும். பெட்டியில் ஹெச்.டி.ஆர். என்று போட்டிருப்பதற்கு அர்த்தம், அந்த சிக்னலை டி.வி. புரிந்துகொள்ளும் என்பது மட்டுமே. காட்டும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

மூன்றாவது முழுக்க முழுக்க இலவசம். செட்டிங்ஸ்! சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம்களில் எடுக்கப்படுகிறது. நிறைய டி.வி.கள் நடுவில் தாமாக ஃப்ரேம்களை உருவாக்கிச் செருகி, அசைவை வழவழவென்று ஆக்கிவிடும். விளைவு, கோடிகள் கொட்டி எடுத்த படம் மத்தியான சீரியல் மாதிரி தெரியும். இதை அணைத்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு 2018 டிசம்பரில் நடிகர் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். 2019-இல் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற ஒரு பொத்தான் ஏற்பாடு அறிவிக்கப்பட்டதும் இந்த எரிச்சலில் இருந்துதான். அந்தப் பெயர் இல்லாத டி.வி.யில் 'சினிமா' அல்லது 'மூவி' மோட் போட்டாலே போதும். முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாகத் தெரியும். கடையின் நீலத்துக்குப் பழகிய கண் அது. மூன்றாம் நாள் முகங்கள் முகம் மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

உயிரும் மெய்யும்

இப்போது காது.

அந்தக் காலத்து சாலிடேர், டயனோரா டி.வி.கள் ஆழமான பெட்டிகள். படம் இன்றைய கணக்கில் சுமார்தான். ஆனால் ஸ்பீக்கருக்கு உள்ளே தாராளமாக இடம் இருந்தது, வெளியே வருவதற்கு வழியும் இருந்தது. இன்றைய டி.வி. விரற்கடை தடிமன். ஓரச் சட்டமே இல்லாமல் திரை மட்டும் தெரிய வேண்டும் என்பதால், ஸ்பீக்கரை அடியிலோ பின்பக்கத்திலோ ஒளித்து வைக்கிறார்கள். சத்தம் தரையைப் பார்த்துப் போகிறது, இல்லாவிட்டால் சுவரில் முட்டித் திரும்புகிறது.

இதனால் என்ன நஷ்டம்? தமிழ் இலக்கணமே பதில் வைத்திருக்கிறது. கட்டு, கத்து, கப்பு என்று மூன்று சொற்களைச் சொல்லிப் பார்த்தால், மூன்றிலும் உயிர் ஒலிகள் அதேதான். நடுவில் வரும் மெய்தான் அர்த்தத்தை மாற்றுகிறது. பேச்சில் சத்தத்தின் பலம் உயிர் ஒலிகளில் இருக்கிறது. அவை பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. எந்தச் சொல் என்று காட்டிக்கொடுக்கும் மெய் ஒலிகள் மெல்லியவை. அவற்றின் அடையாளம் முக்கியமாக 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. உயர்ந்த ஒலிகளுக்கு நேர்கோட்டில் போகும் குணம் உண்டு. ஸ்பீக்கர் தரையைப் பார்த்தால் முதலில் காணாமல் போவது அவைதான். உயிர் வந்து சேரும், மெய் வழியிலேயே தங்கிவிடும்.

வயதானவர்களுக்கு இதே இழப்பு காதுக்குள்ளேயும் நடக்கிறது. வயது ஏற ஏற முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். ஆக, டி.வி. பாதி மெய்யை விழுங்குகிறது, காது மீதியை விழுங்குகிறது. பாட்டி "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வால்யூமை 40-இல் இருந்து 60-க்கு ஏற்றினால் உயிரும் பின்னணி இசையும் சேர்ந்து ஏறுகின்றன. புரிவது ஏறுவதில்லை. அடுத்த அறையில் பரீட்சைக்குப் படிக்கும் பையன் கத்துகிறான். மறுபடியும் 40. கொஞ்ச நாளில் பாட்டி கேட்பதை நிறுத்திவிடுகிறார். படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரிக்கிறார்.

55 அங்குலமோ 65 அங்குலமோ, அந்தப் பாட்டிக்கு அந்த டி.வி. ஊமைப் படம்தான். வீட்டில் டி.வி. முன்னால் அதிக நேரம் இருப்பவரும் பெரும்பாலும் அவரேதான். அவரைத் தவிர மற்ற எல்லோருடைய ரசனையையும் கணக்கில் எடுத்து வாங்கிய பொருளை 'குடும்பத்துக்கு வாங்கினோம்' என்று எப்படிச் சொல்வது? இளவட்டங்களும் தப்பவில்லை. தாய்மொழிப் படத்துக்கே சப்டைட்டில் போட்டுப் பார்க்கும் பழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது.

வாட்ஸ் கணக்கு

ஸ்பீக்கர் வாங்கலாம் என்று முடிவு செய்தவர்கள் விழும் அடுத்த குழி, வாட்ஸ். ஒரு காலத்தில் மியூசிக் சிஸ்டம் பெட்டிகளில் ஆயிரக்கணக்கான வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று ஜிகினா ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பி.எம்.பி.ஓ. என்பதற்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவீட்டு முறையே கிடையாது. எழுதுபவர் இஷ்டம். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் நம்பலாம்.

அதையும் பார்த்து மயங்க வேண்டாம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சின்ன வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். எனவே 100 வாட்ஸா 200 வாட்ஸா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயன் இல்லை. சின்ன ஹாலுக்கு ஒழுங்கான சில பத்து வாட்ஸே தாராளம்.

பார்க்க வேண்டியது வேறு எண். சவுண்ட்பாரில் 2.1, 3.1, 5.1 என்று போட்டிருப்பார்கள். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 1, தடதடக்கும் சப்வூஃபர். முன்னால் இருப்பது மற்ற சானல்களின் எண்ணிக்கை. 3 என்றால் இடது, வலது, நடு. சினிமாவில் வசனத்தின் பெரும்பகுதி நடு சானலில்தான் வருகிறது. ஆகவே பேச்சுப் புரிய வேண்டும் என்று வாங்கும் வீட்டுக்கு, பெரிய சப்வூஃபர் வைத்த 2.1-ஐவிட நடு ஸ்பீக்கர் உள்ள எளிய 3.1 மேல். பட்ஜெட் அதற்கு எட்டவில்லை என்றால், நல்ல இரண்டு ஸ்பீக்கர்களைத் திரைக்கு இருபுறமும் காது உயரத்தில் வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். ஷோகேஸ் உச்சியிலும் பரண் மேலும் வைப்பதற்குப் பெயர் அலங்காரம்.

அட்மாஸ் என்ற பெயருக்கும் ஒரு எச்சரிக்கை. மேலே பார்த்த ஸ்பீக்கர்கள் ஒலியைக் கூரையில் அடித்துத் திருப்பி அனுப்பும். அதற்குச் சமதளமான கூரை வேண்டும். ஓட்டு வீட்டிலும் சாய்வான ஷீட் கூரையிலும் அந்தக் காசு மேலே போய்விடும், திரும்பி வராது.

அறையும் ஒரு ஸ்பீக்கர்தான்

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடம் ஒரு தலைவலியாக இருந்தது. பேசினால் யாருக்கும் புரியாது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். காலியான கூடத்தில் ஒரு ஒலி அடங்கவே 5 விநாடிக்கு மேல் ஆகிறது, அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் வந்து மேலே விழுகின்றன என்று அவர் கண்டுபிடித்தார். பக்கத்து அரங்கில் இருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிக்கொண்டு வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறையே அதிலிருந்து பிறந்தது.

இன்றைய ஹால் அந்தக் கூடத்தின் குட்டித் தம்பி. தரையில் டைல்ஸ், நாலு பக்கம் சிமெண்ட் சுவர், கண்ணாடி ஷோகேஸ். நடுவில் நின்று கைதட்டினால் 'டங்' என்று ஒரு வால் கேட்கும். அந்த வால்தான் வசனத்தின் மேல் விழுந்து குழப்புவது. மருந்து கடையில் விற்கும் கருவி அல்ல. கனமான திரைச்சீலை, தரையில் ஒரு பவானி ஜமக்காளம், துணி சோபா, புத்தகங்கள் அடுக்கிய அலமாரி. சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரத்துக்குள் முடிகிற விஷயம். பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கரை வெற்று டைல்ஸ் ஹாலில் வைப்பதைவிட, அதில் ஒரு பங்கை ஜமக்காளத்துக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

கண்ணை மூடினால் காது திறக்கும்

சத்தத்தைத் தேர்வு செய்வதிலும் கண்தான் குறுக்கே நிற்கிறது என்பதற்கு ஒரு ஆராய்ச்சியே உண்டு. ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர் 1994-இல் வெளியிட்டது. ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது ஒரு மதிப்பெண், திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துக் கேட்டபோது வேறு மதிப்பெண். பெரிதாகவும் அழகாகவும் இருந்தவை கண்ணுக்குத் தெரிந்தபோது அதிகம் பெற்றன. சின்னதாக, மலிவாகத் தெரிந்தது கண்ணை மறைத்தபோது முன்னேறியது. கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை. காதுக்குள் போவதற்கு முன்பே கண் தீர்ப்பு எழுதிவிடுகிறது, அவ்வளவுதான்.

"அதெல்லாம் சரி, ஆனால்..."

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கும் கேம் ஆடுபவர்களுக்கும் பெரிய திரை நிஜமாகவே சுகம். உண்மைதான். சத்தத்தைவிடப் படம் முக்கியமான வீடுகள் உண்டு. ஆனால் அந்த வீட்டிலும் கேள்வி, அடுத்த சைஸுக்குப் போடும் கடைசிப் பத்தாயிரம் என்ன தருகிறது என்பதே.

அடுக்குமாடியில் ஸ்பீக்கர் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரே? சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் சப்வூஃபரின் தடதடப்பு. காதுக்கு நேராகத் தெளிவான ஸ்பீக்கர் இருந்தால் வால்யூமைக் குறைத்து வைத்தாலே புரியும். சண்டை உண்மையில் குறையும்.

"முதல்ல டி.வி. வாங்குவோம், ஸ்பீக்கர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது மூன்றாவது. இதுதான் ஆபத்தானது. அப்புறம் என்பது வருவதே இல்லை. தவணை முடிவதற்குள் வாஷிங் மெஷின் ரிப்பேராகிவிடும்.

காசை எப்படிப் பிரிப்பது

பொருளாதாரப் பாடத்தில் சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று ஒன்று வரும். 1854-இல் கோசன் என்ற ஜெர்மானியர் எழுதிவைத்தது. தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிற விதி. பல பொருள்களுக்குக் காசைப் பிரிக்கும்போது, ஒவ்வொன்றிலும் போடும் கடைசி ரூபாய் ஒரே அளவு திருப்தி தரும்படி பிரிக்க வேண்டும் என்கிறது அது. 43-இல் இருந்து 55-க்குப் போக ஆகும் கடைசிப் பத்தாயிரம் தரும் திருப்தியும், ஸ்பீக்கரே இல்லாத வீட்டில் ஸ்பீக்கருக்குப் போடும் முதல் பத்தாயிரம் தரும் திருப்தியும் சமமா? பக்கத்தில்கூட வராது. ஒன்று ஏற்கெனவே நிறைந்த தட்டில் வைக்கும் இன்னொரு கரண்டி. மற்றது காலித் தட்டில் விழும் முதல் கரண்டி.

எனவே 50,000 ரூபாய் கையில் இருக்கிறது என்றால் 35,000 திரைக்கு, 12,000 சத்தத்துக்கு, 3,000 திரைச்சீலை, ஜமக்காளம், வயர், ஸ்டாண்டுக்கு. வயரில் தங்க முலாம் வேண்டாம். ஹெச்.டி.எம்.ஐ. டிஜிட்டல் சமாச்சாரம்; தேவையான வேகத்துக்குச் சான்று பெற்ற சாதாரண வயரும் அதே படத்தைத்தான் கொண்டுவரும். டி.வி.யிலும் சவுண்ட்பாரிலும் ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால், ஒரே ரிமோட்டில் இரண்டும் அடங்கும். பாட்டிக்கு இரண்டு ரிமோட் கொடுத்தால் ஸ்பீக்கர் தூசி படிந்து கிடக்கும்.

கடைக்குப் போகும் முன் சோபாவில் இருந்து சுவர் வரை இஞ்ச் டேப்பால் அளந்துகொள்ளலாம். பென்டிரைவில் ஒரு இருட்டுக் காட்சி, ஒரு செய்தி வாசிப்பு, ஒரு பழைய படத்தின் வசனம் போட்டு எடுத்துப் போகலாம். கிளியை நிறுத்திவிட்டு அதைப் போடச் சொல்லலாம். மோடை மாற்றச் சொல்லலாம். இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து பார்க்கலாம். ஸ்பீக்கரை, கூட்டம் இல்லாத வார நாள் காலையில் போய், கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம்.

முடிந்தால் வீட்டில் மூத்தவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, திரையைப் பார்க்க விடாமல், செய்தியை மட்டும் போட்டுக் காட்டட்டும். "என்ன சொன்னான்?" என்று அவர் கேட்காத பெட்டி எதுவோ, அதற்கு பில் போடச் சொல்லலாம்.